1,450 வெள்ளி ‘கேமிங் பிசி’: காசு கொடுப்பதற்கு முன் பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

கெடா மாநிலத்தின் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது ஒரே மாதிரி விளம்பரம் போன் போனாகச் சுற்றுகிறது. கறுப்புப் பெட்டி, கண்ணாடி மூடி, வானவில் விளக்கு எரியும் காற்றாடிகள். “ஐ7 8 கோர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, வலோரண்ட் ஸ்மூத், வீட்டுக்கே வந்து பூட்டித் தருவோம், 1,450 வெள்ளி மட்டுமே.” போனஸ் போடும் மாதத்திலும் எஸ்பிஎம் தேர்வு முடிவு வரும் சமயத்திலும் இந்த விளம்பரம் தவறாமல் தலைகாட்டும். இதை நம்பி மகனுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு குடும்பத்தின் பெட்டியைத் திறந்து பார்த்ததில் கிடைத்த விவரம்தான் கீழே இருப்பது. விற்றவர் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மாதமே வருவார்கள், பெட்டிக்குள் இருக்கும் சரக்கு மட்டும் மாறாது.

முதலில் கார்டு, அதாவது கேம் படத்தைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டு. பெட்டிக்குள் இருந்தது 1050 டிஐ இல்லை, ஜிடிஎஸ் 450. என்விடியா 2010-இல் வெளியிட்டது. 40 நானோமீட்டர் சிப், 192 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்னப் பிரிவுகள்), 1 ஜிபி மெமரி. மெய்யான 1050 டிஐ 2016-இல் வந்தது. அதில் 14 நானோமீட்டர் சிப், 768 ஷேடர், 4 ஜிபி இருக்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் ஆறு வருடம். கார்டில் இருக்கும் பயாஸ் சிப்பில் பெயரையும் மெமரி அளவையும் மாற்றி எழுதிவிட்டால் போதும், விண்டோஸ் அதை அப்படியே நம்பும். டிவைஸ் மேனேஜரில் ‘1050 டிஐ’ என்று வரும், டாஸ்க் மேனேஜரும் 4 ஜிபி என்று சொல்லும். விற்க வந்தவர் அந்தத் திரையைத்தான் காட்டுவார். கார்டு தன்னைப் பற்றிச் சொல்வதைத்தான் அந்த இரண்டும் ஒப்பிக்கின்றன, வேறு எதையும் சோதிப்பதில்லை.

கடையில் எல்லாம் நன்றாக ஓடுவதற்கும் இதே காரணம்தான். டெஸ்க்டாப், யூடியூப், இருபது வருடத்துக்கு முந்தைய கார் கேம் எதுவும் 1 ஜிபி மெமரியைத் தாண்டாது. வீட்டுக்கு வந்து புது கேம் ஒன்றைத் திறந்ததும் கார்டு இல்லாத 3 ஜிபியில் எழுதப் போகும். திரையில் கட்டம் கட்டமாக நிறம் சிதறும், கேம் தானாக மூடிக்கொள்ளும், சில சமயம் நீலத் திரை வரும். வல்கன் (கேமும் கார்டும் பேசிக்கொள்ளும் ஒரு முறை) கேட்கும் கேம்கள் திறக்கவே திறக்காது, ஏனென்றால் இந்தத் தலைமுறைச் சிப்புக்கு வல்கன் கிடையாது. அதே மாதிரி இன்னொரு முறையான டைரக்ட்எக்ஸ் 12 பெயருக்கு இருந்தாலும் பழைய 11_0 மட்டத்தோடு நின்றுவிடும். “இண்டர்நெட் ஸ்லோ, அதான்” என்று விற்றவர் சொல்லும் பதிலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொரு அடையாளம், விற்றவர் வாயாலேயே வருவது: “அண்ணே, டிரைவர் அப்டேட் மட்டும் போட்டுறாதீங்க, இந்தக் கார்டுக்கு ஒத்துக்காது.” ஒத்துக்காதுதான். ஜிடிஎஸ் 450 தலைமுறைக்கு என்விடியாவின் வழக்கமான டிரைவர் (விண்டோஸ் கார்டை இயக்க உதவும் மென்பொருள்) 2018-இல் 391.35 பதிப்போடு நின்றது. அதைத் திருத்தி, பெயர் மாற்றிய கார்டோடு பொருத்தி வைத்திருக்கிறார்கள். என்விடியா தளத்திலிருந்து 1050 டிஐ-க்கான டிரைவரை இறக்கிப் போட்டால் திரை கறுத்துப் போகும், இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை வரும். டிரைவர் போடாதே என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேரத்தை முடித்துக்கொள்ளலாம்.

சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை டெக்பவர்அப் தளத்திலிருந்து உங்கள் சொந்த பென்டிரைவில் இறக்கிக்கொண்டு போங்கள். விற்பவர் தரும் காப்பி வேண்டாம். 2018-இல் வந்த 2.12.0 பதிப்பிலிருந்து பெயர் மாற்றிய என்விடியா கார்டுகளை அது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று போட்டுக் காட்டும். அது வராவிட்டாலும் மூன்று கட்டங்களைப் பாருங்கள். ஜிபியு என்ற கட்டத்தில் ஜிபி107 (GP107) என்று இருக்க வேண்டும். ஜிஎஃப் (GF) என்று தொடங்கினால் பழைய சிப். டெக்னாலஜி 14, ஷேடர்ஸ் 768. இந்த மூன்றும் ஒத்துப்போன பிறகு கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் பத்து நிமிடம் ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு, கட்டம் எதுவும் வரக் கூடாது.

மென்பொருளே இல்லாமல் கண்ணால் பிடிக்கவும் வழி உண்டு. பெட்டியின் பின்பக்கம் கார்டில் நீல நிற விஜிஏ சாக்கெட் இருக்கிறதா? 1050 டிஐ சேர்ந்த 10 வரிசைச் சிப்பில் விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது, நீல சாக்கெட் இருந்தால் 1050 டிஐ இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் மேல் விளிம்பில் தங்க நிறத்தில் சின்னதாக ஒரு பல்வரிசை தெரிந்தால் அது இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் எஸ்எல்ஐ இணைப்பு, 1050 டிஐ-க்கு அதுவும் இல்லை. 6 பின் மின்கம்பி மட்டும் தீர்மானமான அடையாளம் ஆகாது, அசல் கார்டிலும் சில மாடல்களுக்கு அது உண்டு. ஆனால் அந்த 6 பின் நேராக பவர் சப்ளையிலிருந்து வராமல், பழைய ஹார்டிஸ்க் வயரிலிருந்து ஒட்டுப் போட்டு வந்தால் அடுத்த விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள்.

கார்டு ஏமாற்றினால் காசுதான் போகும். பவர் சப்ளை ஏமாற்றினால் லயத்து வீட்டில் தீயே பிடிக்கலாம். அந்தப் பெட்டியில் பெரிய எழுத்தில் ‘600 வாட்’ என்று ஒட்டியிருந்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்ன அட்டவணையில் +12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அதில் 18 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். கணினி நிஜமாகச் சாப்பிடுவது அந்தக் கம்பியில்தான். ஜிடிஎஸ் 450-க்கு 106 வாட், சிபியு 95 வாட், ஆக 201. மதர்போர்டு, காற்றாடி, டிஸ்க், விளக்கு எல்லாவற்றுக்கும் மிச்சம் 15 வாட். (அசல் 1050 டிஐ-யின் மொத்தச் செலவே 75 வாட்தான்.) இப்படி இழுத்தால் கேம் ஓடும்போது சட்டென்று அணைந்து திரும்ப எரியும், ஒட்டுப் போட்ட கனெக்டர் பழுப்பு நிறமாகி இளகும், பிளாஸ்டிக் வாடை வரும். வாடை வந்தால் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள், அந்தப் பெட்டியைத் திரும்ப எரிய விடாதீர்கள்.

பவர் சப்ளையின் பின்னால் 115/230 என்று சிவப்பு நிறத்தில் தள்ளும் சுவிட்ச் இருந்தால் அது மலிவு ரகம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். லாரியில் ஏற்றி இறக்கும்போது விரல் பட்டு அது 115 பக்கம் நகர்ந்திருந்தால், பிளக்கை மாட்டிய நொடியில் வெடிச் சத்தத்தோடு முடிந்துவிடும். இந்த வட்டாரத்தில் சாயங்கால இடி மின்னலைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் நல்ல பவர் சப்ளைக்கே வேண்டும், இந்த மாதிரிச் சரக்குக்குக் கேட்கவே வேண்டாம். லேன் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

இனி அந்த ‘ஐ7’. ஐ7 என்பது வெறும் குடும்பப் பெயர், அதை வைத்து வயதைச் சொல்ல முடியாது. கோடுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். இந்தப் பெட்டியில் இருந்தது ஐ7-2600. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை, நாலு கோர், டிடிஆர்3 ரேம். விளம்பரத்தில் ‘8 கோர்’ என்று போட்டது த்ரெட் கணக்கு, ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை எடுப்பதை இரண்டாக எண்ணியது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைத் தொட்டால் முழு எண்ணும் தெரியும். இந்தத் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது, அதைக் கேட்கும் புதிய கேம்கள் ஆரம்பத்திலேயே விழுந்துவிடும்.

‘வலோரண்ட் ஸ்மூத்’, அதாவது அந்தத் துப்பாக்கிச் சண்டை கேம் தடங்கலில்லாமல் ஓடும் என்பதுதான் இந்த விளம்பரத்திலேயே துணிச்சலான பொய். விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெல் பக்கம் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை சிபியு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் (கணினி எழும்பும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை) வேண்டும். 2600-இல் இவை அமையாது. சோதனையைத் தாண்டி ஏற்றும் குறுக்கு வழி இருக்கிறது, அதைத்தான் செய்திருக்கிறார்கள். விண்டோஸ் ஏறிவிடும், ஆனால் வலோரண்டின் வான்கார்டு என்ற காவல் மென்பொருள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-ஐயும் செக்யூர் பூட்டையும் தானே தேடும். இல்லாவிட்டால் வேன் 9001 என்று பிழை காட்டி மூடிக்கொள்ளும். பையன்கள் ரவுட்டரை மாற்று, கேமைத் திரும்ப ஏற்று என்று வாரக்கணக்கில் அலைகிறார்கள். கோளாறு மதர்போர்டில் இருக்கிறது, எத்தனை முறை ஏற்றினாலும் தீராது. விண்டோஸ் 10-க்குத் திரும்புவதும் நல்ல யோசனை இல்லை, அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

விண்டோஸ் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்று வாசகம் இருந்தால் அது திருட்டு கேஎம்எஸ் (பெரிய நிறுவனங்களுக்கான ஆக்டிவேஷன் முறை). 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க ஏதோ ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூஷன் பட்டியலையும் (வைரஸ் சோதனை தொடாமல் விடும் இடங்கள்) பாருங்கள். தெரியாத ஃபோல்டர் அதில் இருந்தால் அந்தக் கணினியில் மேபேங்க், சிஐஎம்பி என்று எந்த வங்கிக் கணக்கையும் திறக்காதீர்கள்.

எஸ்எஸ்டி-யைச் சோதிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள். ‘புதுசு’ என்று சொன்ன டிஸ்கில் பவர் ஆன் மணி ஆயிரக்கணக்கில் இருந்தால் அது எந்த ஆபீஸிலோ உழைத்து ஓய்ந்தது. கூடவே ‘இலவசம்’ என்று தரும் 16 டிபி வெளி எஸ்எஸ்டி-யைப் பற்றி ஒரே வரி: உள்ளே சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் 1 டிபி எழுதவே ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும் என்பதால் கடையில் யாரும் இதைச் செய்வதில்லை, அந்தப் பொறுமையின்மையை நம்பித்தான் அது விற்கிறது.

சரி, அசல் 1050 டிஐ என்றே உறுதியானாலும் இந்த விலைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்த வரிசைக்கு கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு நிற்கும் என்றும், அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் என்றும் என்விடியாவே அறிவித்துவிட்டது. அதே காசுக்குள் ஆபீஸிலிருந்து கழித்த டெல் அல்லது ஹெச்பி பெட்டியில் ஐ5-8500 தேடுங்கள். ஆறு கோர், 8-ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 முறையாக ஏறும், வான்கார்டும் திறக்கும். விளக்கு எரியாது, அவ்வளவுதான். கார்டு பிறகு போடுவதாக இருந்தால் மெலிந்த பெட்டியை எடுக்காதீர்கள். அதில் உயரம் குறைந்த கார்டு மட்டுமே நுழையும், பவர் சப்ளையும் அந்தக் கம்பெனி வடிவத்தில்தான் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: விற்றவரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன் விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் படம் பிடித்துவிடுங்கள். முதல் வேலையாக அவர்கள் அழிப்பது அதைத்தான். ஜிபியு-இசட் திரை, கார்டின் இரண்டு பக்கம், பவர் சப்ளை அட்டவணை மூன்றையும் தெளிவாக எடுத்து வையுங்கள். கார்டைக் கழற்றி வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், “நீங்களே மாற்றிப் போட்டுவிட்டீர்கள்” என்ற பதில் வரும். பணம் ஆன்லைனில் அனுப்பியிருந்தால் போலீஸின் செமாக்மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போட்டு முந்தைய போலீஸ் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். இதை வாங்குவதற்கு முன்னாலேயே செய்வது இன்னும் நல்லது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள்.

கடை வைத்து விற்றவர் என்றால் டிரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்கிற பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, கட்டணம் 5 வெள்ளி, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள உத்தரவாதம். ரசீதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அடித்திருந்தாலும் அது போய்விடாது. அதனால் ரசீதில் வெறும் ‘கேமிங் பிசி 1 செட்’ என்று எழுத விடாமல், சிபியு எண், கார்டு பெயர், ரேம், டிஸ்க் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ‘என் சொந்தப் பொருள், அவசரத்துக்கு விற்கிறேன்’ என்று சொல்பவர் மீது இந்தத் தீர்ப்பாயத்தில் போக முடியாது, வியாபாரம் செய்பவர் மீதுதான் முடியும். ஆனால் அதே ஆள் அதே படத்தோடு நாலு குழுவில் நாலு பெட்டி விற்றுக்கொண்டிருந்தால் அது வியாபாரம்தான் என்று காட்டலாம். அந்த நாலு விளம்பரத்தையும் தேதியோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.