டர்ன்டேபிளுக்கு ஏற்ற அயினி மர ஸ்டாண்டு: ஒரு மதிப்பீடு

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு மரப்பட்டறையில் அளவு கொடுத்துச் செய்து வாங்கிய மூன்று தட்டு ஸ்டாண்டுதான் இப்போது எங்கள் வீட்டு ஹை-ஃபை கருவிகளைத் தாங்குகிறது. மர வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆணியை நம்பாமல் துளையிட்டுக் கோத்த சட்டங்கள், பக்கவாட்டில் கைவைத்துத் தள்ளினாலும் அசைவதில்லை. விலை மலிவு என்று ரப்பர் மரத்தையும் காட்டினார்கள். ஆனால் மருந்தேற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் பிடிக்கும் என்பதால், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அயினியே பொருத்தம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கும் சிடி பிளேயருக்கும் ஆடாத, மட்டமான தட்டும் காற்றோட்டமும் இருந்தால் போதும். அவற்றுக்கென விலை உயர்ந்த கூம்புக் கால்களை வாங்குவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. இசைத்தட்டைச் சுழற்றி இசைக்கும் டர்ன்டேபிளின் நிலை வேறு. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி எடுக்கும் அசைவு மிக நுண்ணியது. ஸ்பீக்கரின் அதிர்வு தட்டு வழியாக ஊசியை எட்டினால், அதுவும் ஒலியாகப் பெருகி மீண்டும் ஸ்பீக்கருக்கே வந்து சேரும்.

இதைத் தடுக்கப் பட்டறையில் மேல்தட்டின் மீது ஒரு முழு ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கிரானைட் பலகையை வைத்துத் தந்தார்கள். ரப்பர் விளையும் ஊரில் இந்த யோசனை இயல்புதான் என்றாலும், எடை முழுப் பரப்பிலும் பரவிவிடுவதால் விரிப்பு அமுங்குவதே இல்லை. அமுங்காத ரப்பர் அதிர்வைத் தடுக்காது. கணக்கு எளிது. எடை ஏற்றியதும் அடியிலுள்ள தாங்கி 2.5 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பதிர்வு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், சுமார் 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 முறை), 10 மி.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். அந்த எண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளே வடிகட்டப்படும். ஊசியும் அதைத் தாங்கும் டர்ன்டேபிளின் கையும் சேர்ந்த இயல்பதிர்வு பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவதால், தாங்கியின் எண் அதற்குக் கீழே இருப்பது அவசியம். மேலும், இயற்கை ரப்பர் துள்ளும் தன்மை மிகுந்தது. அதிர்வை விழுங்கி அடக்குவதில் பியூட்டைல் ரப்பர் அதைவிட மேல்.

ஆகவே விரிப்பை எடுத்துவிட்டு, குழந்தைகள் சைக்கிளின் பியூட்டைல் டியூபில் பாதிக் காற்று அடைத்துக் கிரானைட்டின் அடியில் வைத்தோம். நிற்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கி, ஒலியளவை மெல்ல உயர்த்தியபடி ஸ்டாண்டை விரலால் தட்டிப் பார்த்தபோது, முன்பு 'தொம்' என்று கேட்ட சத்தம் செவிக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அவ்வப்போது காற்று நிரப்பி, ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டியிருப்பது மட்டுமே சிரமம்.

தரைக்கு இரும்பு முள்கால் கேட்காதீர்கள். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களின் உப்புக்காற்றில் அது துருப்பிடிப்பதோடு, டைல்ஸையும் கீறும். இந்தப் பட்டறையில் ஆர்டர் கொடுப்பவர்கள் மேல்தட்டை வெறும் மரமாகவே வாங்கிக்கொண்டு, டர்ன்டேபிளின் மூடி பின்பக்கம் சாயவும் டியூபின் வால்வுக்குக் கை எட்டவும் இடம்விட்டு ஆழத்தைச் சொல்லுங்கள்.