பல வருடம் மேடையில் ஓட்டிய கணினி பஸ்ஸர்: எது நின்றது, எது கழன்றது

வினாடி வினாவுக்குக் கணினி பஸ்ஸர் செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். வெவ்வேறு அமைப்புகளைச் செய்து, பல வருடம் போட்டிகளில் ஓட்டிய பிறகு எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஒலியைக் கேட்டு விரலை அழுத்தவே மனிதருக்கு ஏறக்குறைய 150 மில்லிசெகண்டு ஆகிறது. சாதாரண யூஎஸ்பி கீபோர்டைக்கூடக் கணினி 8 அல்லது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை விசாரித்துவிடுகிறது. எல்லா அணிக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கிறதா, தோற்ற அணி அதை நம்புகிறதா என்பதில்தான் எந்த அமைப்பும் தேறும் அல்லது விழும்.

பலரும் பழைய கீபோர்டைப் பிரித்து, விசைகளுக்குப் பதில் வயர் இழுத்து பட்டன் வைப்பதில் தொடங்குவார்கள். பயிற்சிக்கு நல்ல வழி. ஆனால் கீபோர்டுக்குள் விசைகள் வரிசையும் நெடுக்கையுமாகப் பின்னப்பட்டிருக்கின்றன. மலிவானவற்றில், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இருக்காது. இரண்டு அணிகள் பட்டனை விடாமல் பிடித்திருந்தால், மூன்றாவது அணியின் அழுத்தம் சில விசைச் சேர்க்கைகளில் பதிவே ஆகாது. இதைத் தவிர்க்க ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை எடுத்தால் அவை பெரும்பாலும் தனித் தடத்தில் இருப்பதால் சேர்ந்தே பதிவாகும். அதற்கும் ஒரு விலை உண்டு: விண்டோஸில் ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் (சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்த விடும் வசதி) பெட்டி திரையில் வந்து நிற்கும். ஆர்வத்தில் பட்டனைப் படபடவென்று அடிக்கும் அணி ஒன்று எல்லாப் போட்டியிலும் இருக்கும். அதனால் ஸ்டிக்கி கீஸை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். பட்டனை முன்பே அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர் ஜெயிக்காதபடி, மென்பொருள் புதிதாக விழும் அழுத்தத்தை மட்டும் எண்ண வேண்டும். பிரவுசரில் எழுதுபவர்களுக்கு, தானாகத் திரும்ப வரும் விசை நிகழ்வு எது என்று அந்த நிகழ்விலேயே குறிப்பு இருக்கும்.

நான் இன்று நம்பிப் பயன்படுத்துவது ஆர்டுயினோ ஊனோ என்ற, நாமே நிரல் ஏற்றக்கூடிய சின்ன மின்பலகை. இதில் நிரல் எழுதும் முறைதான் நியாயத்தைத் தீர்மானிக்கிறது. முதல் அணியின் பின்னை (பட்டன் வயர் வந்து சேரும் முனையை) படி, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று எழுதி, அதே சுழற்சிக்குள் எல்சிடி திரையையும் புதுப்பித்தால், ஒரு சுற்றுக்கே பல மில்லிசெகண்டு போய்விடும். அந்த இடைவெளிக்குள் யார் முந்தினாலும் முதல் எண் அணிக்கே வெற்றி. சேர்ந்து வரும் சிக்னல்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பழைய 74147 சிப் வைத்துச் செய்த பஸ்ஸர்களிலும் இதே சாய்வு உண்டு. அங்கே சேர்ந்து அழுத்தினால் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. இதற்கு மருந்து, போர்ட் டி (0 முதல் 7 வரையான பின்களின் தொகுப்பு) முழுவதையும் ஒரே கட்டளையில் படிப்பது. பின் 0, 1 கணினித் தொடர்புக்குப் போய்விட, 2 முதல் 7 வரை ஆறு அணிகளுக்கு இடம் கிடைக்கும். ஒரே வாசிப்பில் இரண்டு பின்கள் மாறியிருந்தால் அது சமன். அதைச் சமன் என்றே அறிவித்து, வேறு கேள்வி கேட்பதுதான் நேர்மை.

வயருக்கு லேன் கேபிள் போதும். ஒவ்வொரு முறுக்கு ஜோடியிலும் ஒன்று சிக்னல், மற்றொன்று கிரவுண்ட். சிப்புக்குள் இருக்கும் புல்அப் (பட்டன் அழுத்தாதபோது சிக்னலை மேலே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம். நீளமான கேபிளுக்கு அது பலவீனம். அரங்கின் விளக்கைப் போட்டால் யாரும் தொடாமலே பஸ்ஸர் அடிப்பது இதனால்தான். வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்த பிறகு எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

போனில் வைஃபை வழியாக அழுத்தும் முறையை இறுதிச் சுற்றுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செய்தி வந்து சேரும் வரிசையும் விரல் பட்ட வரிசையும் ஒன்றல்ல. மின்சிக்கனத்துக்காகப் போன் தன் ரேடியோவை உறங்கவைக்கும்போது தாமதம் கணிக்க முடியாதபடி ஏறி இறங்கும். புளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். ஒலி தாமதமாகவே வரும், அதற்குள் இரண்டாவது அணி தாங்கள்தான் முதல் என்று எழுந்துவிடும்.

கேள்வி முடியும் முன் அழுத்துவதை எப்படிக் கையாள்வது என்பதில் ஜெபர்டி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியின் விதி எனக்குப் பிடித்தது. 1985 முதல் அங்கே கேள்வியைப் படித்து முடித்த பிறகுதான் பஸ்ஸர் திறக்கும். முந்தி அழுத்தினால் கால் நொடி பூட்டு. அந்தக் கால் நொடியைச் சேர்த்த நாளிலிருந்து அணிகள் கேள்வியை முழுதாகக் கேட்கின்றன. குறுக்கிட்டுப் பதில் சொல்ல அனுமதிக்கும் போட்டிகளுக்கு மட்டும் இது ஒத்துவராது.

இனி ஸ்கோர். மொத்தத்தை ஒரு எண்ணாகச் சேமித்து அதையே கூட்டிக் கழிக்கும் மென்பொருளை நான் தொடவே மாட்டேன். கேள்வி எண், அணி, கூட்டல் 10 அல்லது கழித்தல் 5, காரணம் என்று வரிவரியாகப் பதிவு இருக்க வேண்டும். மொத்தம் அந்த வரிகளிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்கிடப்பட வேண்டும். நாலு கேள்வி தள்ளி ஒரு முறையீடு ஏற்கப்பட்டால், அந்த ஒரு வரியை ரத்து செய்தால் போதும், மேடையில் யாரும் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியும் அப்போதே கோப்பில் எழுதப்படட்டும், மின்சாரம் போனாலும் ஸ்கோர் போகாது. இயக்குபவருக்கு ஒரு திரை, அரங்குக்கு வேறு திரை என்பதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இத்தனையிலும் அதிகப் பலன் தந்தது மிகச் சின்ன மாற்றம். முதலில் அழுத்திய அணியை மட்டும் காட்டாமல், அடுத்து வந்தவர்களையும் இடைவெளியோடு காட்டினேன்: "அணி 2 முதலில், அணி 5, 38 மில்லிசெகண்டு பின்." "நாங்கதான் சார் முதல்ல அழுத்தினோம்" என்ற சண்டை கிட்டத்தட்ட அதோடு ஓய்ந்தது. தோற்றவர்களுக்கும் தாங்கள் எவ்வளவில் தவறவிட்டோம் என்று தெரிந்துவிடுகிறது, அடுத்த கேள்விக்குத் தயாராகிவிடுகிறார்கள்.

போட்டிக்கு முன் எல்லா அணிகளையும் ஒரே சமயத்தில் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆறும் திரையில் வர வேண்டும். பிறகு இரண்டிரண்டு அணிகளாக, இடம் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். ஒரே அணி எப்போதும் முந்தினால் முதலில் பட்டனை மாற்றிப் பாருங்கள், அடுத்து கேபிளை, கடைசியில் நிரலை.