சென்னை மாநகரப் பேருந்து: கட்டணமில்லாப் பயணமும் ஆயிரம் ரூபாய் பாஸும்

2021 மே முதல் சென்னையின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில், அதாவது வெள்ளை போர்டு பஸ்களில், பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துத் தருவார். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டுகளின் கணக்கை வைத்துத்தான் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு இழப்பை ஈடுசெய்கிறது.

மாதப் பாஸ் 1,000 ரூபாய். ஏசி தவிர எல்லாப் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஏசியும் சேர்த்தால் 2,000.

ஒரு முறைக்கு 15 ரூபாய், தினமும் போக வர 30, மாதம் 26 நாள் என்றால் 780, பாஸ் நஷ்டம். ஆனால் வழியில் பஸ் மாறுகிறவருக்கு ஏறும்போதெல்லாம் புதுச் சீட்டு. ஒரு வழிக்கு 10, 15 என்று இரண்டு பஸ் பிடித்தால், போக வர தினம் 50, மாதம் 1,300 ஆகிவிடும். அவருக்குப் பாஸ்தான் லாபம். சிக்கல், 1,000 ரூபாயை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். தினக்கூலிக்காரரிடம் அது சேர்ந்தாற்போல் இருப்பதில்லை. அதனால், பாஸ் எடுத்தால் மிச்சமாகும் தொகையையும் அவர் தினம் தினம் சீட்டிலேயே இழக்கிறார். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இலவசத்தின் ஓட்டை வேறு இடத்தில். வீட்டுவேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் பெண்ணுக்கு முதலில் வருவது இலவசமில்லாத டீலக்ஸ் பஸ் என்றால், காசு கொடுக்க வேண்டும், இல்லை காத்திருக்க வேண்டும். அந்தத் தடத்தில் வெள்ளை போர்டு எத்தனை ஓடுகிறது என்பதே அவருக்கான சலுகையின் அளவு.