கும்மியா, கோலாட்டமா, காலை நடையா?

எழுபதைத் தொட்டவர்களிடம் உடற்பயிற்சி என்றால், "தினமும் நடக்கிறேனே" என்பார்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லதுதான். ஆனால் வீட்டில் விழுபவர்கள் அடுப்படியிலிருந்து சட்டென்று திரும்பும்போதும், குளியலறைப் படியைத் தாண்டும்போதும், கட்டிலடியில் செருப்பைத் துழாவும்போதும் அல்லவா விழுகிறார்கள்? பூங்காவின் நேர்ப்பாதை அதற்கெல்லாம் பழக்குவதில்லை.

கும்மி பழக்குகிறது. பக்கவாட்டில் ஓர் அடி வைத்ததும் உடலின் பாரம் முழுவதும் அந்தக் காலுக்கு மாறுகிறது. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. அதற்குள் மற்றக் கால் தரையை விட்டு எழுந்துவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் அந்த அரை நொடிதான் சமநிலைப் பயிற்சி. பிசியோதெரபி அறையில் எண்ணி எண்ணிச் செய்யவைப்பதை இங்கே பாட்டு செய்யவைத்துவிடுகிறது. குனிந்தால் தலைசுற்றும் என்பவர்கள் மார்புக்கு நேராகத் தட்டினாலும் வட்டம் கலையாது.

கோலாட்டம் கவனத்தைக் கேட்கும் ஆட்டம். காலும் நகர வேண்டும், எதிராளியின் கோலையும் பார்க்க வேண்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்கள் பின்னர் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இலேயே ஓர் ஆய்வு காட்டியது. அந்த இரட்டை வேலைக்கு இது நல்ல பழக்கம். ஆனால் வேகம் கூடினால் விரல்தான் அடிபடும். உட்கார்ந்தும் ஆடலாம் என்பது இதற்கே உரிய வசதி.

ஒயிலாட்டத்தில் துள்ளல் அதிகம். மூட்டுத் தேய்ந்தவர்கள் பார்த்து ரசிக்கலாம்.

சான்று என்று பார்த்தால் மெதுவாக அசைந்து செய்யும் சீனத்து உடற்பயிற்சியான 'தாய் சி' முந்துகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் அது விழுதல்களைச் சுமார் 19 சதவீதம் குறைப்பதாகத் தெரிந்தது. நடனத்துக்கும் வெறும் நடைக்கும் உறுதியாகச் சொல்லப் போதிய தரவு அதில் இல்லை. இருந்தும் என் ஓட்டு கும்மிக்கே. தாய் சி ஆசானை நம் ஊரில் எங்கே தேடுவது? கும்மிக்கு எதிர்வீட்டு அத்தை போதும். ஆள் வராவிட்டால் வீடு தேடி வந்து அழைத்துப் போவாள்.

கும்மியால் தொடைக்கு வலு போதுமான அளவு கூடாது. அதற்கு நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு ஆடலாம். வாரத்துக்கு மூன்று நாளாவது வேண்டும். சேலைக் கரை கணுக்காலுக்கு மேலே, தரை ஈரமில்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நாற்காலி. ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வட்டத்துக்கு வரட்டும்.