மைக் துளையா, யூஎஸ்பி பெட்டியா, புதுப் பிளேயரா?

அப்பா சேர்த்த இசைத்தட்டுகள் உப்புவெளி வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. கடற்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து உறைகளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. தட்டுகளுக்கும் வருமுன் கொம்பியூட்டரில் ஏற்றிவிடலாம் என்று மூன்று வழிகளையும் பார்த்தேன்.

செலவில்லாத வழி, இசைத்தட்டுப் பிளேயரின் வயரை லப்டொப்பின் மைக் துளையில் செருகுவது. மச்சானின் யோசனை. பாட்டு வந்தது, தகரக் குடத்துக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல. வயரில் பிழையில்லை. ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதிதான் ஊசித்தலை; காந்த வகை தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். அதுமட்டுமல்ல, தட்டில் பதியும்போதே அடித்தொனியைக் குறைத்து உச்சத்தொனியைக் கூட்டிவிடுவார்கள்; 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஆர்ஐஏஏ என்ற அளவுமுறைதான் பொது. கேட்கும்போது அதைத் தலைகீழாக்கி, ஒலியையும் பெருக்கித் தர ஃபோனோ பிரீஆம்ப் என்ற பகுதி வேண்டும். மைக் துளையில் அது கிடையாது. பல லப்டொப்களில் இடம் வலம் பிரியாத மோனோ வேறு!

பெரிஞ்சர் யூஎஃப்ஓ202 போன்ற சின்னப் பெட்டிதான் என் தெரிவு. பிரீஆம்ப், டிஜிட்டலாக மாற்றும் பகுதி இரண்டும் அதற்குள்ளேயே உண்டு, மறுமுனை யூஎஸ்பி. முதல்நாள் ஒரே 'ம்ம்ம்' இரைச்சல். பெட்டியைத்தான் திட்டினேன். பிளேயரின் எர்த் வயரைத் திருகாமல் விட்டது நான். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்த முனகல் அதுதான். திருகியதும் அடங்கியது. மிச்சமிருந்த சிறு இரைச்சல் சார்ஜரைக் கழற்றப் போனது.

பழைய ரேடியோகிராம் (ரேடியோவும் தட்டுப் பிளேயரும் சேர்ந்த பெட்டி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலும் செராமிக் ஊசித்தலை. அதன் மின்னழுத்தம் பல மடங்கு கூட. யூஎஸ்பி பெட்டியின் ஆளியை ஃபோனோவில் விட்டால் பாட்டு கரகரத்துச் சிதறும். லைன் பக்கம் தள்ளுங்கள். அப்போதும் அடித்தொனி மெலிந்துதான் கேட்கும், அந்தத் தலைக்கு ஒரு மெகாஓம் அளவு தடை எதிரே இருக்க வேண்டும், பெட்டியில் அவ்வளவு கிடையாது. ஆகவே காசு செலவழிக்குமுன் ஊசித்தலை எந்த வகை என்று பாருங்கள்.

பிளேயரே இல்லாதவர்களுக்கு யூஎஸ்பி உள்ள புதுப் பிளேயர் சுகம்: ஒரே வயர், எர்த் தலையிடி இல்லை. ஆனால் ஓடியோ-டெக்னிக்கா எல்பி60 வகை நிமிடத்துக்கு 33, 45 சுற்று என்ற வேகங்களில் மட்டுமே சுற்றும். 78 சுற்று வேகப் பழைய தட்டுகளுக்கு எல்பி120 வகை வேண்டும், அதிலும் ஊசியை மாற்றவேண்டும். அந்த அரக்குத் தட்டின் பள்ளம் அகலம், எல்பி எனும் 33 வேகத் தட்டுக்கான ஊசி அடியில் போய் உரசும்.

எந்த வழியானாலும் பதிவுக்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 40 நிமிட எல்பி, டபிள்யூஏவி கோப்பாக ஏறக்குறைய 400 எம்பி. அவசரப்படுத்த வழியில்லை, 40 நிமிடப் பாட்டுக்கு 40 நிமிடம் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். ஒரு பக்கம் முடிய ஒரு தேத்தண்ணி.

எங்கள் பெட்டியில் ஏழு 78 தட்டுகள் இருக்கின்றன. சரியான ஊசி கிடைக்கும்வரை அவற்றை நிமிர்த்தி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.