கண் களிம்பா, சொட்டு மருந்தா? நாய், பூனை, மாட்டுக் கண்ணுக்கு எது பொருந்தும்

நாய்க்கோ பூனைக்கோ கண்ணில் மஞ்சளாகப் பீளை கட்டினால் மருத்துவர் டியூபில் வரும் களிம்பை எழுதலாம், புட்டியில் வரும் சொட்டையும் எழுதலாம். இரண்டிலும் இருக்கும் ஆன்டிபயாட்டிக் ஒன்றேகூட ஆகலாம். கருவிழி எந்த நிலையில் இருக்கிறது, நாளைக்கு எத்தனை தடவை மருந்து போட வீட்டில் ஆள் இருக்கிறது என்பதை வைத்தே வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். கடைகளில் முதலில் பேசப்படும் மருந்தின் ‘பவர்’ இவற்றுக்குப் பிறகுதான்.

எதைப் போடுவதற்கும் முன்னால் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஃபுளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டு, தண்ணீரால் கழுவி, நீல ஒளியில் பார்த்தால் புண் உள்ள இடம் பச்சையாக மின்னும். சில நிமிட வேலைதான். ஆனால் களிம்பு போட்டுவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோனால் சாயம் சரியாகப் படியாது, கண்ணீர் அளவையும் எடுக்க முடியாது. அதனால் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பும் நாளில் வீட்டில் கிடக்கும் டியூபைத் தொட வேண்டாம்.

தங்கும் நேரம்

புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோலிட்டர். இமைக்குள் அதில் பாதி அளவுதான் நிற்கும். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் போகும். ‘நன்றாகக் கேட்கட்டும்’ என்று மூன்று சொட்டு விடுவதால் மருந்துதான் வீணாகும். உள்ளே நின்றதும் சில நிமிடங்களில் கண்ணீரோடு கரைந்து போய்விடும். எனவே சொட்டு மருந்தை நாளைக்கு 4 முதல் 6 தடவை விட வேண்டியிருக்கிறது.

களிம்பின் அடிப்பொருள் பெட்ரோலியம் ஜெல்லி. கண்ணீரில் கரையாமல் படலமாக நிற்பதால் பெரும்பாலும் நாளைக்கு 3 தடவை போதும். பகலில் எல்லோரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குக் களிம்புதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆறு தடவை எழுதிய சொட்டை இரண்டு தடவை மட்டும் விட்டால், பாதி செத்த கிருமியை வளர்த்துவிடுவதில் போய் முடியும்.

பூனைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கசப்பான சொட்டு தொண்டைக்கு இறங்கியதும் வாயில் நுரை தள்ளும். விஷம் ஏறிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது கசப்புக்குத்தான். களிம்பில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பூனை முகத்தைத் துடைத்து நக்கிவிடும் என்பதால், போட்டதும் ஒரு நிமிடம் மடியில் பிடித்து வைக்க வேண்டும்.

களிம்பு கூடாத இடங்கள்

கருவிழிப் புண் ஆழமாகி ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டால் களிம்பு அடியோடு கூடாது. எண்ணெய்ப் பசை கண்ணுக்குள் புகுந்தால் உள்ளே கடுமையான அழற்சியை உண்டாக்கும். சாயம் இட்டபோது ஓரத்தில் மட்டும் பச்சை வளையம் தெரிந்து நடுவில் நிறம் பிடிக்கவில்லை என்றால், புண் ஆறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கருவிழியின் கடைசி மெல்லிய சவ்வுவரை புண் இறங்கியிருக்கலாம். அந்தச் சவ்வு சாயத்தை ஏற்காது. இது அவசர அறுவைக்குரிய நிலை.

சூடோமோனாஸ் போன்ற கிருமியால் கருவிழி கூழாக உருகும் புண்ணுக்கும் சொட்டுதான் சரி. மணிக்கொரு தடவைகூட மருந்து போக வேண்டும். கூடவே ரத்தச் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சொட்டாக விடுவார்கள். நடுவில் களிம்பைப் போட்டால் அடுத்து விடும் சொட்டு கருவிழியைத் தொடாமல் வழுக்கிப் போகும். சாதாரணத் தொற்றுக்கு இரண்டையும் எழுதியிருந்தாலும் வரிசை இதுதான்: முதலில் சொட்டு, 5 நிமிடம் கழித்துக் களிம்பு.

உள்ளே இருக்கும் மருந்து

குளோராம்பெனிகால் 1 சதவீதக் களிம்பு நாய், பூனைக் கண்ணுக்கு நல்ல அகலமான மருந்து. கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிகள் வரை பிடிக்கும், சூடோமோனாஸிடம் மட்டும் தோற்கும். ஒரே தடவை பயன்படுத்தி எறியும் அப்ளிகேப் வடிவில் வாங்கினால் டியூபின் முனை அழுக்காகும் கவலையும் இல்லை. இதன் சொட்டு வடிவத்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், களிம்புக்கு அது தேவையில்லை. மனிதருக்கு மிக அரிதாக, ரத்தம் ஊறும் எலும்பு மச்சையை இந்த மருந்து முடக்கிவிடும். எனவே போடுபவர் கையுறை அணிவது நல்லது, குறைந்தபட்சம் உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நியோமைசின், பாலிமிக்சின், பாசிட்ரசின் மூன்றும் சேர்ந்த களிம்பு நாயின் மேலோட்டமான புண்ணில் தொற்று ஏறாமல் காக்க ஏற்றது. பாசிட்ரசின் கரைசலில் நிலைக்காது, அதனால் சொட்டு வடிவத்தில் அதன் இடத்தில் கிராமிசிடின் இருக்கும். பாலிமிக்சின் கலந்த கண் மருந்து போட்ட சில மணி நேரத்தில் ஒவ்வாமை அதிர்ச்சி கண்ட பூனைகள் உண்டு. அரிதுதான். ஆனாலும் வேறு மருந்து கிடைக்கும்போது பூனைக்கு இதைத் தவிர்ப்பதே எங்கள் பரிந்துரை.

டோப்ராமைசின் சூடோமோனாஸ் வகைக்கு நல்லது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி முன்னால் வலுவில்லாதது. சிப்ரோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் இரண்டும் ஆழமான புண்ணுக்கு உரியவை. சாதாரணப் பீளைக்கு அவற்றை எடுத்துச் செலவழித்துவிட்டால் தேவைப்படும் நாளில் கிருமி பழகிப் போயிருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் போட்ட புண்ணின்மேல் வெள்ளைப் பொடிபோலப் படிவதும் உண்டு. அது மருந்தின் படிவு, சீழ் அல்ல.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணைக் கெடுப்பது ஸ்டீராய்டு கலந்த டியூப். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன், பிரட்னிசோலோன் என்று அட்டையில் எதைப் பார்த்தாலும், சாயச் சோதனை செய்த மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். சிவப்பு மறுநாளே குறையும், அடியில் புண் உருகும். மனிதருக்கு வாங்கிய மிச்ச டியூபில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் ஒரே பெயரின் பின்னால் ‘டி’ அல்லது ‘எச்’ என்ற ஓரெழுத்துதான் வித்தியாசம். தோலுக்கான களிம்பும் கண்ணுக்கு ஆகாது.

போடும் முறை

ஆறவைத்த வெந்நீரில் நனைத்த காஸ் துணியால் பீளையை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கவும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும். டியூபை உள்ளங்கையில் ஓரிரு நிமிடம் வைத்தால் களிம்பு இளகும். நாயின் முதுகு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க, கையைத் தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவாருங்கள். எதிரே டியூபைக் கண்டால் மிரளும். கீழிமையைக் கீழிழுத்து, அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு இமைக்குள் பிதுக்கவும். முனை கண்ணிலோ முடியிலோ படக் கூடாது. பிறகு இமையை மூடித் திறக்கவிட்டால் அதுவே பரவும். காலால் தேய்க்கும் நாய்க்குப் பிளாஸ்டிக் காலர் கட்டாயம். திறந்த டியூபை 28 நாளுக்கு மேல் வைக்காதீர்கள், இன்னொரு பிராணிக்குப் பகிரவும் வேண்டாம்.

பீளை இரண்டாம் நாளே நிற்கலாம். சொன்ன நாள்வரை, பெரும்பாலும் 5 முதல் 7 நாள், போட வேண்டும். 48 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றாலோ, கண்ணைச் சுருக்கிக்கொண்டாலோ, நீலமாக மங்கினாலோ அன்றே கொண்டுபோங்கள்.

நாய்க்குப் பீளை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மருந்தை மாற்றுவதைவிடக் காரணத்தைத் தேடுவதே பலன் தரும். பக், ஷிட்சூ, காக்கர் ஸ்பேனியல் இனங்களில் கண்ணீர் வற்றும் நோய் சகஜம். கண்ணீரை அளக்கும் காகிதப் பட்டைச் சோதனையில் நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகிக்க வேண்டும். கண்ணீரைச் சுரக்கவைக்கும் சைக்ளோஸ்போரின் இல்லாமல் வெறும் ஆன்டிபயாட்டிக் அங்கே எடுபடாது. பூனைக்கோ ஹெர்பிஸ் வைரஸ் அடியில் இருக்கலாம். கிளமிடியா என்றால் களிம்போடு விடாமல் 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வாய்வழியாகப் போக வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாக்கும் என்பதால் பின்னாலேயே சில மில்லி தண்ணீர் கொடுக்க வேண்டும்.

மாடு, ஆடு

இங்கே கணக்கே வேறு. மாட்டுக் கண்ணில் தொற்றும் மொராக்செல்லா போவிஸ் கிருமியை ஈக்கள் கண்ணுக்குக் கண் சுமக்கும். முதலில் நீர் வடியும், பிறகு கருவிழி நடுவில் வெள்ளையாகப் ‘பூ விழும்’. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டை மூன்று வேளையும் மடக்கிக் களிம்பு போடுவது பேச்சுக்குத்தான் சரி. அதனால் மருத்துவர்கள் நீண்ட நேரம் நிற்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியை, கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில், விரும்புகிறார்கள். கட்டிப்போட்டு வளர்க்கும் கன்றுக்கு மட்டும் களிம்பு சாத்தியம். ஆட்டுக் கண்ணில் மைக்கோபிளாஸ்மா என்றால் பென்சிலின், கிளாக்சசிலின் வகைகள் வேலை செய்யாது, ஏனென்றால் அவை தாக்கும் செல்சுவரே அந்தக் கிருமிக்கு இல்லை. உப்பையோ புகையிலையையோ மென்று கண்ணில் துப்பும் பழக்கம் புண்ணைப் பெரிதாக்கும்.

பால், இறைச்சிக்கு வளர்ப்பவற்றுக்குக் குளோராம்பெனிகால் எந்த வடிவத்திலும் கூடாது. நாய்க்கு வாங்கிய டியூபைக் கன்றுக்கு எடுத்துப் போடுவதும் இதில் அடங்கும். மற்ற மருந்துகளுக்கு அட்டையில் எழுதிய நாள்வரை பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும், சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. வெள்ளை நூல்போலக் கண்ணில் நெளிவது தெரிந்தால் அது கண்புழு. கண்ணை மரக்கவைத்துப் புழுவை எடுத்து, புழு மருந்தும் கொடுப்பார்கள். அதற்கு ஆன்டிபயாட்டிக் களிம்பு எவ்வளவு போட்டும் பயனில்லை.