போர்ட்டா பலாட்சோ சந்தை: ஒரு மண்டிக்காரர் மகளின் விமர்சனம்

காலையில் வகுப்பு இல்லாத வார நாள் ஒன்று உங்களுக்கு இருந்தால், இத்தாலியின் டூரினில் படிக்கிறவர்கள் காய்கறி வாங்க போர்ட்டா பலாட்சோவைத் தவிர வேறு இடம் பார்க்கவே வேண்டாம். வாரம் முழுக்கக் காலை வகுப்பு என்றால் சனிக்கிழமை வரை பொறுத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்; காய்கறிச் சந்தை கிடையாது, வெறும் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அப்பாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் கடை. முருங்கைக்காய்க் கட்டுக்கும் தக்காளிப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் நான். இப்போது டூரினின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான பாலிடெக்னிகோவில் முதுகலை படிக்கிறேன். ஒரே வீட்டில் நான்கு பெண்கள், ஒரே அடுப்பு. யார் சமைத்தாலும் காய் வாங்கும் வேலை என் தலையில்தான். வேறு யாராவது வாங்கி வந்தால் நான் குறை சொல்கிறேன் என்று அவர்களே என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

முதலில் இடம். பியாட்சா டெல்லா ரெபுப்ளிகா என்கிற எண்கோணச் சதுக்கம். நடுவில் டிராம் போகிறது; 4ஆம் எண் டிராமில் ஏறினால் சந்தையிலேயே இறங்கலாம். 1835இல் காலரா பயத்தில் ஊரின் உள்ளே இருந்த சந்தைகளை நகராட்சி வெளியேற்றியபோதுதான் வியாபாரம் இங்கே வந்து சேர்ந்தது. ஐரோப்பாவிலேயே பெரிய திறந்தவெளிச் சந்தை இதுதான் என்று டூரின்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அளந்து பார்க்க நான் போகவில்லை. ஆனால் ஒரு மூலையில் பையைத் திறந்து மறு மூலையில் மூடுவதற்குள் கால் வலித்துவிடும். திறந்தவெளிக் காய்கறிக் கடைகள், மீனுக்குத் தனிக் கட்டடம், துணிமணி, இறைச்சி, பாலாடைக்கட்டி, பின்பக்கம் விவசாயிகள் கூடம் என்று எல்லாம் உண்டு.

புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது திறந்தவெளிக் கடைகள்தான். "ஒரு யூரோ, ஒரு யூரோ" என்று இத்தாலிய மொழியில் கத்திக்கொண்டே இருப்பார்கள். தென் இத்தாலிக்காரர், மொராக்கோக்காரர், ருமேனியர், சீனர் எல்லோரும் ஒரே ராகத்தில் கத்துவார்கள். கத்தலைக் கேட்டு ஓடாதீர்கள். நம் ஊரில் வண்டிக்காரரிடம்கூட வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவோம். இங்கே காயைத் தொடக்கூடாது. கடைக்காரர்தான் எடுத்துப் பையில் போடுவார். தொட்டால் கையைத் தட்டிவிட மாட்டார்கள். ஆனால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சத்தம் போடுவார்கள்.

அப்படியானால் காயைப் பார்ப்பதோடு கடைக்காரரின் கையையும் பார்க்க வேண்டும். முன்னால் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் குவியல் வெறும் முகம்தான். பின்னால், அவர் இடுப்புக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். உங்களுக்கு முன்னால் நிற்கும் பாட்டிக்கு எதிலிருந்து எடுக்கிறார் என்று கவனியுங்கள். பாட்டிக்கு முன்குவியலிலிருந்தும் உங்களுக்குப் பின்பெட்டியிலிருந்தும் எடுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஒரு கடையில் எனக்கு அப்படித்தான் நடந்தது: இரண்டு கிலோ தக்காளியில் மேலே நான்கு நல்லது, அடியில் எல்லாம் கசிந்தது. நானும் பையை அங்கேயே அவர் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். என் இத்தாலிய மொழி அப்போது எண்களைத் தாண்டவில்லை. அழுகல் தக்காளிக்கு மொழி எதற்கு? மாற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த வரிசையில் நல்லபடியாகக் கொடுக்கும் கடையாக இரண்டு மூன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன். முகம் பழகிவிட்டால் பின்பெட்டிப் பேச்சே கிடையாது. ஒட்டன்சத்திரத்திலும் இதே கதைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இங்கே உள்ள கொசுறு. நல்ல காய்கறிக் கடையில் நாலைந்து வகை வாங்கினால், கேட்காமலே ஒரு பிடி பார்ஸ்லி, சில சமயம் ஒரு செலரித் தண்டும் ஒரு கேரட்டும் பையில் விழும். கறிவேப்பிலை கொத்தமல்லி கொசுறாக வாங்கிப் பழகிய நமக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்ஸ்லியை வைத்து என்ன செய்வது என்பது வேறு விஷயம். ரசத்தில் போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. பருப்பு வடையில் போட்டால் யாருக்கும் தெரியாது.

நேரம் முக்கியம். வார நாட்களில் மதியம் இரண்டு மணியை ஒட்டிக் கடை கட்டத் தொடங்குவார்கள். சனிக்கிழமை மாலை வரை இருக்கும். மூடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் விலை சரியும். பழுத்த வாழைப்பழம், பெரிய கத்தரிக்காய், சுரைக்காய் போல நீண்டு வளர்ந்த ஸுக்கினி எல்லாம் பெட்டியோடு ஒரு யூரோ, இரண்டு யூரோவுக்குத் தள்ளிவிடுவார்கள். பெட்டியோடு வாங்கும்போது கவிழ்த்துப் பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். விட மாட்டேன் என்றால் காரணம் அடியில் இருக்கிறது. விற்காமல் மிஞ்சுவதைச் சேகரித்து, பிரித்து, கடை முடிந்தபின் சதுக்கத்திலேயே இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. வாங்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வரிசையில் ஓய்வூதியம் வாங்கும் இத்தாலியப் பெரியவர்களும் நிற்பார்கள், மாணவர்களும் நிற்பார்கள்.

விவசாயிகள் கூடம் தனி உலகம். 1916இல் கட்டிய இரும்புக் கூரைக் கட்டடம் ஒன்று, நெற்றியில் கடிகாரத்தோடு நிற்கும். அதற்குப் பின்னால்தான் சுற்றுவட்டார விவசாயிகள் தாங்கள் விளைவித்ததைக் கொண்டுவந்து விற்கிறார்கள். கத்தல் இல்லை. விலை சற்றுக் கூடுதல். ஆனால் அன்று காலையில் பறித்தது என்று காம்பைப் பார்த்தாலே தெரியும். கோடை முடியும் சமயம் கார்மஞோலா மிளகாய் வரும். குடைமிளகாய் இனம்தான், காரம் துளியும் இல்லை. சதுரமாக ஒன்று, கொம்பு மாதிரி நீளமாக ஒன்று, தக்காளி போல உருண்டையாக ஒன்று. அந்த நீள வகையை வாங்கி அடுப்புத் தீயில் நேராகக் காட்டித் தோல் கருக வாட்டி, உரித்து, புளியும் வறுத்த மிளகாயும் வைத்து அரைத்த துவையலுக்காகவே எங்கள் வீட்டு ஹைதராபாத் பெண் செப்டம்பர் தேர்வு எழுத வேண்டியிருந்தாலும் கவலைப்பட மாட்டாள்.

இந்தக் கூடத்தில் ஒரு விஷயம் சொல்லிக் கேட்க வேண்டும்: கீரை. முள்ளங்கி, பீட்ரூட், நூல்கோல் எதை எடுத்தாலும் இலையைத் திருகிக் கீழே இருக்கும் பெட்டியில் வீசிவிடுவார்கள். இங்கே பலர் அதைத் தின்பதில்லை. நான் கையைக் காட்டி "அதையும் கொடுங்கள்" என்றதும் ஒரு விவசாயி அம்மா, வீட்டில் முயல் வளர்க்கிறாயா என்று கேட்டார். இல்லை, நான்தான் சாப்பிடுகிறேன் என்றேன். சிரித்துவிட்டு, வீசிய பெட்டியிலிருந்தே இன்னும் இரண்டு கட்டு நல்ல இலையாகப் பொறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. முள்ளங்கிக் கீரைப் பொரியலுக்கு பாசிப்பருப்பு போட்டால் வேறு எதுவும் வேண்டாம்.

வசந்தத்திலும் கோடையிலும் பூசணி இனப் பூவைக் கட்டுக் கட்டாக விற்பார்கள். மாவில் தோய்த்துப் பொரிப்பது இங்கத்திய வழக்கம். நானும் கடலை மாவில் பஜ்ஜி போட்டு அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. "அடியே, மார்கழிக் கோலத்துல வைக்கிற பூவையா எண்ணெயில போட்ட?" நல்லாத்தான் இருக்கும்மா என்றேன். அம்மா இன்னும் நம்பவில்லை.

சரி, நம் காய்கள். சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளதேசக் கடை, ஆப்பிரிக்கக் கடை, சீனக் கடை எல்லாம் இருக்கின்றன. வெண்டைக்காய், மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், இஞ்சி, பச்சை மிளகாய் கிடைக்கும். கறிவேப்பிலை சிறு பொட்டலமாக வரும். வந்த அன்றே போனால் கரும்பச்சை, இரண்டு நாள் கழித்துப் போனால் கருப்பு. எந்தக் கிழமை சரக்கு வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காயைப் பற்றி மட்டும் நான் எழுதாமல் இருக்க முடியாது. ஒரு கடையில் தங்க விலை சொல்லி, காய்ந்து முறுக்கேறிய காயைக் கொடுத்தார்கள். வளைத்தால் வளையும், ஒடியாது. ஒட்டன்சத்திரத்தில் இந்தக் காயை மாட்டுக்குப் போடுவார்கள். சாம்பாருக்கு முருங்கை வேண்டும் என்று யாராவது அழுதால் ஊருக்குப் போகும்போது சாப்பிடச் சொல்லுங்கள்.

சின்ன வெங்காயத்துக்கு மாற்று இருக்கிறது. தட்டையாக, சிறியதாக போரெத்தானா என்றொரு வெங்காயம் சந்தையில் கிடைக்கும். சில கடைகளில் உரித்தே வைத்திருப்பார்கள். நம்முடையதைவிடக் கொஞ்சம் இனிப்பு. புளியைச் சற்றே கூட்டினால் சமன் ஆகிவிடும். தக்காளியில் ரசத்துக்கு, மாட்டு இதயம் அளவுக்குப் பெரிதாக இருக்கும் வகையை வாங்காதீர்கள். சதைதான், புளிப்பு இல்லை. கொடியோடு கொத்தாக விற்பதை வாங்குங்கள்.

சந்தை ஓரங்களில் மொராக்கோப் பெண்கள் தள்ளுவண்டிப் பையில் துணி போர்த்தி வீட்டில் சுட்ட ரொட்டி கொண்டுவருவார்கள். வட்டமாக ஒன்று, பல மடிப்பு மடித்துச் சதுரமாகச் சுட்டது இன்னொன்று. சதுரத்தை வாங்குங்கள். நம் பரோட்டாவுக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் இந்த ஊரில் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சால்னா வைப்பதற்குள் பாதி தீர்ந்துவிடும் என்பதால் கூடுதலாக வாங்கவும்.

விலை என்று பார்த்தால், என் வீட்டருகே உள்ள சூப்பர் மார்க்கெட்டை விடக் காய்கறியும் பழமும் கணிசமாகக் குறைவு. பால், முட்டை, பாஸ்தாவுக்கு இங்கே வரத் தேவையில்லை. அப்பாவுக்கு என் படிப்பைவிட இந்த விலைப்பட்டியலில்தான் ஆர்வம். "பாப்பா, தக்காளி என்ன போகுது?" கிலோ ஒன்றரை யூரோ என்றால் மனக்கணக்குப் போடுவார். "பெட்டிக்கு 14 கிலோன்னு வை… ஏத்தா, நம்ம சரக்க அங்க அனுப்ப முடியாதா?" வெள்ளரிக்காய் விலை சொன்ன அன்று கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. சனிக்கிழமை நெரிசலில் கைபேசியைப் பின்பாக்கெட்டில் வைத்தால் அது உங்களுடையது இல்லை. சில்லறையாகப் பணம் கொண்டு போங்கள். அட்டை எடுத்தாலே முகம் சுளிக்கும் கடைகள் உண்டு. மழை நாளில் தரை முழுக்க நசுங்கிய இலையும் சேறும், வழுக்கும். சனவரிக் குளிரில் காலை எட்டு மணிக்குப் போனால் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும். அந்தக் குளிரில் கீரையைக் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பேரம் பேச மனம் வராது. பேரமும் இங்கே பெரிதாக எடுபடாது. மூடும் நேரத்தில் மட்டும்தான் செல்லும். பெரிய குறை, வார நாள் நேரம்தான். மதிய வகுப்புக்குப் பையோடு ஓட வேண்டியிருக்கும். விரிவுரை மண்டபத்தில் என் பையிலிருந்து புதினா வாசம் அடித்ததைப் பற்றி வகுப்பில் இன்னும் பேசுகிறார்கள்.

சதுக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது: மெர்க்காத்தோ சென்ட்ராலே. 2019இல் திறந்தது. அது சாப்பிடும் இடம். காய் வாங்க வருகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் பழைய காலத்தில் பனிக்கட்டி சேமித்த நிலவறையை அங்கே பார்க்கலாம். குளிர் காலத்தில் ஒதுங்கவும் நல்ல இடம்.

சனிக்கிழமை போகிறவர்கள் காயை வாங்குவதற்கு முன்பே பின்தெருவில் பலோன் என்கிற பழைய சாமான் சந்தையைப் பார்த்துவிடுங்கள். 1857இலிருந்து நடக்கிறது. கனமான கோட், மேசை விளக்கு, சைக்கிள் பூட்டு எல்லாம் கிடைக்கும். எங்கள் வீட்டு பிரஷர் குக்கர் அங்கே வாங்கியதுதான். இத்தாலிய வகை, நம்முடையது போல விசில் அடிக்காது, ஆவியை மட்டும் சீராக விடும். பருப்புக்கு எத்தனை விசில் என்று எண்ணிப் பழகியவர்கள் கடிகாரம் பார்க்கக் கற்க வேண்டும். வாங்கும்போது ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கே தொட்டுப் பார்த்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை.